4கே மானிட்டரைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: 24 அங்குல, 1080பி, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை மாறும்) மானிட்டரில் கேம் ஆடுகிறேன். பெரும்பாலும் ஷூட்டர், எப்போதாவது கதை சார்ந்த கேம்கள். நடுத்தர கிராபிக்ஸ் கார்டுதான். நொடிக்கு 110 பிரேம் (காட்சிப் படம்) வரை வருகிறது. 27 அங்குல 4கே ஓஎல்இடி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்க ஆசை. அதன் விலையில் பாதி கையில் இருக்கிறது. மீதியை 12 சதவீத ஃபிளாட் வட்டியில் 24 மாதத் தவணையில் கட்டலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வட்டியைப் பாருங்கள். ஃபிளாட் வட்டி என்றால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறீர்கள். 24 மாதத்துக்கு, ஆண்டுக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி என்பது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம். 100 கடன் வாங்கி 124 திருப்பித் தருவீர்கள்.

அதைவிடப் பெரிய செலவு கிராபிக்ஸ் கார்டு. 1080பி-யில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 4கே-யில் 82.9 லட்சம், சரியாக நான்கு மடங்கு. பிரேம் எண்ணிக்கை அதே விகிதத்தில் விழாது என்றாலும், பாதிக்கும் கீழே போவது வழக்கம். உங்கள் 110 பிரேம், 50-க்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். பிறகு 240 ஹெர்ட்ஸ் எதற்கு? அதை ஈடுகட்ட புது கார்டு, ஒருவேளை புது பவர் சப்ளையும். ஆக, அந்த மானிட்டரின் உண்மையான விலை பெட்டியில் ஒட்டியிருப்பது அல்ல.

இதை ஒரு காசும் செலவில்லாமல் இன்றே சோதிக்கலாம். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலின் 3டி அமைப்புகளில் டிஎஸ்ஆர் என்ற வசதி உண்டு. அது கேமை உயர்ந்த ரெசல்யூஷனில் (பிக்சல் எண்ணிக்கையில்) உருவாக்கி, உங்கள் திரைக்குச் சுருக்கிக் காட்டும். 1.78 மடங்கைத் தேர்ந்தெடுத்தால் 1440பி, 4.00 மடங்கு என்றால் 4கே. ஏஎம்டி-யில் இதற்கு விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன் என்று பெயர். பிறகு கேமுக்குள் போய் அந்த ரெசல்யூஷனை வைத்து, அதிகம் அடிதடி நடக்கும் இடத்தில் பிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். சும்மா நிற்கும் காட்சியில் வரும் எண்ணை நம்பாதீர்கள்.

என் பரிந்துரை: 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் பேனல், 144 முதல் 180 ஹெர்ட்ஸ். சோதனையில் 1440பி-யில் 70 பிரேமுக்கு மேல் வந்தால் தயங்காமல் வாங்கலாம். இந்த வகையில் பல மாடல்கள் நீங்கள் சொன்ன ஓஎல்இடி-யின் பாதி விலைக்குள் அடங்கும், கடன் தேவைப்படாது. இப்போது கார்டு 110 பிரேம் தருகிறது, திரையோ நொடிக்கு 60 முறைதான் மாறுகிறது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய திறன் வீணாகிறது. 60-இலிருந்து 144-க்குப் போனால் ஒரு பிரேமுக்கான நேரம் 16.7 மில்லி நொடியிலிருந்து 6.9 ஆகும். 144-இலிருந்து 240-க்கு மிச்சம் 2.8 மட்டுமே. ஷூட்டர் ஆடும் உங்களுக்கு முதல் தாவல்தான் கைக்குத் தெரியும்.

27 அங்குலத்தில் 1080பி மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், இப்போதைய திரையின் 92-ஐவிடக் குறைவு. எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். ஐபிஎஸ்-க்கு மாற்றாக வரும், விலை குறைந்த விஏ வகைப் பேனலில் கருப்பு ஆழமாக இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சியில் நகரும் உருவத்துக்குப் பின்னால் கறை இழுபடும். ‘எச்டிஆர் 400’ (ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் தரம்) முத்திரைக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அதற்குப் பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை. ‘1 மில்லி நொடி’ என்ற விளம்பரத்தைவிட, கார்டு தரும் பிரேமுக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இணக்கம் இருக்கிறதா என்பது முக்கியம்.

வாங்கியதும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். விண்டோஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ஹெர்ட்ஸை நீங்களே மாற்றுங்கள். பல சமயம் அது 60-இலேயே நின்றுவிடும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் முழுக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலத் திரைகளை வைத்து, செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.