பேரேட்டில் ஒரு பென்சில் புள்ளி (வாசகர் கடிதம்)

அன்புள்ள அம்மாவுக்கு,

தொந்தரவுக்கு மன்னிக்கவும். எனக்கு 34 வயது. கோவையில் 80 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். முடித்து, ராத்திரியில் அன்றைய கணக்கைச் சரிபார்த்து முடிக்கும் நைட் ஆடிட்டில் சேர்ந்து, 11 வருடத்தில் உதவி ஃபைனான்ஸ் மேனேஜர் வரை வந்திருக்கிறேன். இப்போது எங்கள் கணக்குப் பிரிவுக்குத் தலைவரான ஃபைனான்ஷியல் கன்ட்ரோலர் துபாய் போகிறார். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் சி.ஏ. இன்டரில் ஒரு குரூப்போடு விட்டவள். சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர் படிப்பு) முடித்துவிட்டுக் கேட்பதுதான் முறை என்று தோன்றுகிறது. ஹோட்டல் வேலையே பெண்களுக்குச் சரிப்படாது என்பார் என் மாமியார்.

எனக்கு மீட்டிங்கில் பேச வராது. போன ஆடியில் தள்ளுபடி கொடுத்து அறைகளை நிரப்பினார்கள். அதனால் வருமானம் குறைந்ததை ரிப்போர்ட்டில் தெளிவாகப் போட்டிருந்தேன், யாரும் பார்க்கவில்லை. நான் நம்பர் பார்க்கிறவள், பேசுகிறவள் இல்லை. படித்து முடித்துவிட்டு விண்ணப்பிக்கவா, இப்போதேவா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இப்போதே. சி.எம்.ஏ.வை வேலையில் இருந்துகொண்டே முடித்துக்கொள்ளலாம். முதலில், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடிதம் ஆரம்பிக்கும் பழக்கத்தை விடுங்கள். என்ன தப்பு செய்தீர்கள்?

மாமியார் சொல்வதை அவர் காலத்துப் பயமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. பொதுமக்கள் மது அருந்தும் இடத்தில் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1914ஆம் வருடத்துப் பஞ்சாப் கலால் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அது டெல்லி ஹோட்டல்களையும் கட்டிப்போட்டிருந்தது. செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2007இல். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள், அவ்வளவு சமீபம். ஆனால் 1954இலேயே பம்பாயில் ஹோட்டல் தொழிலுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கியவர் லீலாவதி முன்ஷி என்ற பெண். அதன் முதல்வராக நீண்ட காலம் இருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்களை உருவாக்கியவர் தங்கம் பிலிப். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு வரியில். 'ரிப்போர்ட்டில் போட்டிருந்தேன், யாரும் பார்க்கவில்லை.'

இந்த வரியை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். என் சித்தி சொன்னது.

சித்தி திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதினார். 24 அறை. 1976இல், எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்த கையோடு சேர்ந்தவர். பள்ளி விடுமுறையில் நான் மதியச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போவேன். கல்லாவுக்குப் பின்னால் மரத் தடுப்பு, அதற்குள் சித்தி. வலதுகை ஆள்காட்டி விரலில் ரப்பர் உறை, மடியில் சிவப்புக் காலிகோ பைண்டு போட்ட பேரேடு. அந்த லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு. விடியற்காலை நாலு மணிக்கு வந்தவர் மறுநாள் நாலு மணி வரை இருக்கலாம். அவர் கொடுத்த பணம் எந்தத் தேதியின் வரவு என்பதில் குமாஸ்தாக்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். சித்தி தடுமாறியதே இல்லை.

ஒருநாள் அவர் வெளுக்கப் போட்ட துணிக் கணக்கையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆள் மாறினால்தான் அந்த லாட்ஜில் விரிப்பு மாற்றுவார்கள். ரிஜிஸ்டர்படி முந்தின நாள் புதிதாக ஆள் வந்த அறைகள் 14. சலவைக்குப் போனது 17 செட். மறுநாளும் அதே மாதிரி இரண்டு செட் கூடுதல். ராத்திரியில் காலியான அறையை ரிஜிஸ்டரில் ஏற்றாமல் யாரோ வாடகைக்கு விட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வெள்ளை விரிப்பை வைத்துத் திருட்டைக் கண்டுபிடித்த மூளை அது!

என்ன செய்தார் தெரியுமா? வித்தியாசம் வந்த தேதிக்கு எதிரே பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். மூன்று மாதம் வைத்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. 'நம்ம வேலை எழுதுறது. பார்க்க வேண்டியவங்க பார்ப்பாங்க.'

பார்க்கவில்லை. விஷயம் வேறு வழியில் வெளியே வந்தது. முதலாளி சித்தியைக் கூப்பிட்டு, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். சித்தி பேரேட்டைத் திருப்பிப் புள்ளிகளைக் காட்டினார். அவர் கேட்ட அடுத்த கேள்வி: 'தெரிஞ்சும் சொல்லலைன்னா, உனக்கு எவ்வளவு பங்கு?'

அன்றைக்குச் சித்தி வீட்டுக்கு வந்து கேரியரைக்கூடக் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலை போகவில்லை. நம்பிக்கையான பொம்பளை என்று பிறகு அவர்களே புகழ்ந்தார்கள். அதற்கப்புறம் அந்த லாட்ஜுக்கு மூன்று மேனேஜர்கள் வந்தார்கள். மூவருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது சித்தி. அவரையே மேனேஜர் ஆக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

எஸ்., உங்கள் ரிப்போர்ட் அந்தப் பென்சில் புள்ளிதான்.

போன ஆடிக்கு வருவோம். உங்கள் ஹோட்டலின் கணக்கு எனக்குத் தெரியாது, 80 அறையை வைத்து நானாக ஒன்று போடுகிறேன். 4,000 ரூபாய் வாடகையில் 60 அறை விற்றால் ஒரு நாளைக்கு 2,40,000. தள்ளுபடி கொடுத்து 3,000க்கு 72 அறை விற்றால் 2,16,000. மொத்த 80 அறைக்கும் வகுத்துப் பார்த்தால் முதலாவதில் அறைக்கு 3,000, இரண்டாவதில் 2,700. ரெவ்பார் என்று நீங்கள் தினமும் எழுதும் எண் இதுதானே? அறை முக்கால்வாசி நிரம்பிய நாளில் வந்த பணம், பத்தில் ஒன்பது நிரம்பிய நாளில் வரவில்லை. அதோடு 12 அறைக்குக் கூடுதலாக விரிப்பு, சோப்பு, கரண்ட், காலைச் சாப்பாடு. காலை மீட்டிங்கில் ஒருவர் 'தொண்ணூறு பெர்சன்ட் சார்' என்கிறார், எல்லோர் முகமும் மலர்கிறது. அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நீங்கள். 'அறைக்கு 300 ரூபாய் குறைந்திருக்கிறது சார்' என்று சொல்ல ஐந்து வினாடி ஆகுமா? நீங்கள் 14ஆம் பத்தியில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இதை அடக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையில் பாதியைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதியைத்தான் கன்ட்ரோலர் வேலை என்கிறார்கள்.

இன்னொரு உதாரணம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது. விருந்தினருக்கு பில் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கூடவே உள்ளீட்டு வரி வரவும் போய்விட்டது. ரிப்பேருக்கும் ஏ.சி. பராமரிப்புக்கும் கட்டும் வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாது, அது செலவில் உட்காரும். இதை முதலாளிக்கு யார் எடுத்துச் சொல்வது? சமையல்கட்டா, வரவேற்பு மேசையா? பேசுகிறவர், நம்பர் பார்க்கிறவர் என்று இரண்டு ஜாதி கிடையாது. நம்பர் பார்த்தவர்தான் பேச வேண்டும்.

சி.ஏ. பாதியில் நின்றது பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் கணக்காளர் தேர்வில் முதலில் தேறிய பெண், சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்தவர், கதர் கட்டியவர். 1933இல் தேறினார். தேறியும், சிறைக்குப் போனவர்கள் கணக்காளராகப் பதிவுசெய்யச் சட்டம் இடம் தரவில்லை. வழக்காடி ஜெயித்து 1937இல் தன் அலுவலகத்தைத் தொடங்கினார். பின்னாளில் சி.ஏ. நிறுவனத்தின் தென்னிந்தியக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். அவரிடம் சான்றிதழ் இருந்தது, கதவு திறக்கவில்லை. உங்களுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜி.எம். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் வெளியே நின்று சான்றிதழ் தேடுகிறீர்கள். மூன்றாவது முறை அவர் வேறு யாரையாவது கூப்பிடுவார். பிறகு அந்த ஆளுக்கு நீங்கள் வேலை கற்றுக்கொடுப்பீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. உங்கள் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளிடமும் இப்படித்தான் பேசுவேன். நைட் ஆடிட்டில் இருந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். வெளியே மணி பன்னிரண்டு அடித்தாலும் ஹோட்டலுக்குள் தேதி மாறாது. எல்லா பில்லும் சரிபார்த்து, அறை வாடகையைப் பதிந்து, நீங்கள் நாளை முடித்தால்தான் அடுத்த நாள் பிறக்கும். இருபது சொச்சம் வயதில் ராத்திரி ராத்திரியாக 80 அறைக்கும் தேதி மாற்றியவருக்கு, பகலில் பத்து பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்லப் பயமா?

உங்கள் கடிதத்தை நேற்று சித்திக்குப் படித்துக் காட்டினேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் இரண்டு முறை படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, '80 ரூமா? எத்தனை செட் விரிப்பு வெச்சிருக்காங்கன்னு கேளு' என்றார். 'ரூமுக்கு மூணாவது வேணும். ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு சலவையில, ஒண்ணு அலமாரியில. ஆள நெருக்கி நிரப்புனாங்களே, அந்த மாசம் பத்துச்சா?'

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எழுதுங்கள். விரிப்புக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள், சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.