முட்டோம்போவின் கணக்கில் வராத பந்துகள்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில் கூடைப்பந்து வீரர் டிக்கெம்பே முட்டோம்போவை "நான் பார்த்ததிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடும் என் மகனிடம் அதைக் காட்டினேன். உடனே கணக்கை எடுத்துவிட்டான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் 18 பருவங்கள் ஆடியும் முட்டோம்போவின் சராசரி, ஆட்டத்துக்கு 9.8 புள்ளிகள்தான். 2001 இறுதிச்சுற்றில் எதிரணியின் ஷாக்கில் ஓ'நீல் அவர் தலைமேலேயே சராசரியாக 33 புள்ளிகள் எடுத்திருக்கிறார். "அவர் காங்கோவில் ஆஸ்பத்திரி கட்டியவர், அதனால்தான் உங்கள் எழுத்தாளர் உருகுகிறார்" என்கிறான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நல்ல மனிதர் என்பதால் நல்ல ஆட்டக்காரர் என்று சொல்கிறீர்களா?

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் எடுத்த கணக்கு சரிதான். ஷாக்கை முட்டோம்போவால் நிறுத்த முடியவில்லை. அந்த வருடம் வேறு யாராலும் முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழடிக்கு மேல் உயரமும் 135 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள ஒருவர் முதுகைக் கொடுத்துத் தள்ளித் தள்ளி உள்ளே வரும்போது, 35 வயதைத் தொடவிருந்த முட்டோம்போ ஐந்து ஆட்டங்களிலும் அவர் எதிரே நின்றார். அவருடைய அணியான பிலடெல்பியா 4-1 என்று தோற்றது. சரி, அது அப்படியே இருக்கட்டும்.

ஒரு சென்டரை, அதாவது வளையத்தருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரரை, புள்ளியை வைத்து அளப்பதில்தான் நான் மாறுபடுகிறேன். முட்டோம்போவின் வேலை வேறு. எதிரணிக்காரர் எறியும் பந்தை அது மேலே ஏறும்போதுதான் தட்டலாம். இறங்கத் தொடங்கிய பின் தொட்டால் கோல்டெண்டிங். கூடை விழுந்ததாகவே கணக்கு. எறிபவரின் கையில் பட்டால் ஃபவுல். ஆறாவது ஃபவுலில் வெளியே போக வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் கை போய்ச் சேர வேண்டும். அவர் ஆடிய காலத்தின் முதல் பத்து ஆண்டுகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. யாரையும் காவல் காக்காமல் வளையத்துக்கடியில் சும்மா நிற்க விதி அனுமதிக்கவில்லை. தன் ஆளையும் விடக் கூடாது. வேறொருவர் உள்ளே புகுந்தால் அங்கேயும் போய்ச் சேர வேண்டும். பள்ளி அணியில் நானும் சென்டராக நின்றவன். நம் ஆளை விட்டுவிட்டு எந்த நொடியில் நகர்வது என்ற அந்த ஒரு முடிவு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

இதை முட்டோம்போ 3,289 முறை செய்து முடித்திருக்கிறார். என்பிஏவில் அவருக்கு மேலே இருப்பவர் ஹக்கீம் ஒலாஜுவான் ஒருவர்தான், 3,830. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது நான்கு முறை. ஆனால் இந்த எண்களும் எனக்குப் பாதிதான். உள்ளே பாய்ந்து வரும் ஒருவர் 7 அடி 2 அங்குல மனிதரைப் பார்த்ததும் எறியாமல் பந்தை வெளியே தள்ளிவிடுகிறாரே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இப்படிப் பந்தைத் தட்டிவிடும் பிளாக்கை எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்ற பாஸ்டன் சென்டர் பில் ரஸ்ஸல் எத்தனை பந்தைத் தட்டினார் என்பதற்குக் கணக்கே கிடையாது. அவரைப் புள்ளிகளை வைத்து யாராவது அளக்கிறார்களா?

ரஸ்ஸலை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. பாஸ்டனில் அவருக்கு மாற்று சென்டராக இருந்த ஜான் தாம்சன்தான் பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். மருத்துவராகும் கனவோடு காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து உதவித்தொகையில் 1987இல் அங்கே வந்து இறங்கியவர் முட்டோம்போ. தாம்சன் அவரை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். மருத்துவம் நழுவிப்போனது. மொழியியலும் ராஜதந்திரமும் படித்துப் பட்டம் வாங்கினார். இன்னொரு உயரமான ஆட்டக்காரர் அலோன்சோ மோர்னிங்கும் அதே அணியில் இருந்தார். இரண்டு பேரும் வளையத்துக்கடியில் நின்றால் எதிரணிக்குப் போக வழி கிடையாது.

1991இல் என்பிஏவின் டென்வர் அணியில் சேர்ந்தார். 1994இல் பருவ முடிவின் வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃபின் முதல் சுற்றில் எட்டாம் இடத்து டென்வர், 63 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்த சியாட்டிலை எதிர்கொண்டது. ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டும் தோல்வி. பிறகு சொந்த ஊரில் இரண்டையும் வென்றார்கள். ஐந்தாவது ஆட்டம் சியாட்டிலில், கூடுதல் நேரம் வரை போய் 98-94. எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியை வென்றது என்பிஏவில் அதுவே முதல் முறை. அந்தத் தொடரில் மட்டும் முட்டோம்போ 31 பிளாக். கடைசிப் பந்தைப் பிடித்தவர் அப்படியே தரையில் மல்லாந்து, பந்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே பற்றிக்கொண்டு கிடந்தார். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பந்தைத் தட்டிவிட்டுச் சுட்டுவிரலை ஆட்டிக் காட்டுவாரே, அது பிறகு பெரிய அடையாளமானது. எதிரணிக்காரரைப் பார்த்து ஆட்டினால் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை என்றதும் கூட்டத்தைப் பார்த்து ஆட்டினார்.

இப்போது ஆஸ்பத்திரி. கின்ஷாசாவில் கலவரமும் ஊரடங்குமாக இருந்த நாட்களில் அவருடைய அம்மா பியாம்பா மாரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை, இறந்துவிட்டார். 2007இல் அம்மா பெயரிலேயே 300 படுக்கைகளுடன் அங்கே ஒரு மருத்துவமனை திறந்தது. ஆன செலவு 2.9 கோடி டாலர். ஏறத்தாழ பாதி அவர் கைப்பணம். அதற்காக அவரைக் கும்பிடுகிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மருத்துவமனை இல்லாவிட்டாலும் அந்த வரியை நான் எழுதியிருப்பேன்.

ஏனென்றால் 2008இல் அவர் ஆடிய ஹூஸ்டன் அணி தொடர்ந்து 22 ஆட்டங்கள் வென்றது. பாதி வழியில், 12 வெற்றிகளுக்குப் பிறகு, அணியின் முதன்மை சென்டர் யாவ் மிங் காயம்பட்டு வெளியேறினார். மிச்சம் பத்து ஆட்டங்களிலும் அந்த இடத்தில் நின்றவர் 41 வயது முட்டோம்போ. அவரும் யாவ் போலப் புள்ளி எடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வளையத்தைக் காத்தார், அணி ஜெயித்துக்கொண்டே போனது. அடுத்த ஆண்டு முழங்கால் உடைந்துதான் ஆட்டத்தை விட்டார். 2024 செப்டம்பரில், 58 வயதில், மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். 1994இன் அந்த ஐந்தாவது ஆட்டத்தைத் தேடிப் பிடித்து, முட்டோம்போவை மட்டும் பார்க்கட்டும். சியாட்டில்காரர்கள் வளையத்தை நோக்கிப் பாய்ந்து வந்து, எறியாமலே எத்தனை முறை திரும்பிப் போகிறார்கள் என்று எண்ணட்டும். எண்ணி முடித்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்