மாலை போட்டால் முடிகிறது, கழற்றினால் ஏன் முடிவதில்லை? புகைப்பழக்கத்தை விடுவது பற்றிய கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஒன்றில், புகையிலைப் பழக்கத்தை விட வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிவில் வேலை பார்க்கிறேன். புகையை விடுவதில் உள்ள சிக்கல்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒன்றுபோல வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பலரும் "எனக்கு மன உறுதி போதாது" என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். புகையை இழுத்த இருபது நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும் பொருள் நிகோடின். அதனோடு மல்லுக்கட்டுகிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு மாலை போடுகிறேன். 41 நாளும் ஒரு சிகரெட்கூடத் தொடுவதில்லை. ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய அன்றே பழையபடி ஆரம்பமாகிவிடுகிறது. விரதத்தில் முடிவது மற்ற நாளில் ஏன் முடியவில்லை சார்? (மதுரை)

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். இரண்டு மூன்று நாளில் உடம்பில் அது இல்லை என்றே சொல்லலாம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் பம்பையில் கால் வைக்கும்போது உங்கள் உடம்பு நிகோடினைக் கேட்பதை நிறுத்திப் பல நாள் ஆகியிருக்கும். கடினமான பகுதியை நீங்கள் ஆண்டுதோறும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

மாலையைக் கழற்றிய அன்று உங்களை இழுப்பவை இடமும் நேரமும் கூட்டாளிகளும். விரத நாட்களில் என்னவெல்லாம் மாறியிருந்தன என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் குளியல். மாலையில் பூஜை, சரண கோஷம். மது இல்லை. டீக்கடையில் எல்லோரும் "சாமி" என்று அழைக்கிறார்கள், யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை, நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு நாளின் அமைப்பே மாறிவிடுகிறது. மாலையோடு சேர்த்து அந்த அமைப்பு முழுவதையும் ஒரே நாளில் கழற்றிவிடுகிறீர்கள். போதாக்குறைக்கு, "41 நாள் மட்டும்தான்" என்று மனத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்தும் வைத்திருக்கிறீர்கள். அது நாளை எண்ணிக்கொண்டே காத்திருக்கிறது.

இந்த ஆண்டு இப்படிச் செய்து பாருங்கள். மாலை கழற்றிய பிறகும் இன்னொரு மாதத்துக்கு அதிகாலைக் குளியலை விடாதீர்கள். காலை டீயை வீட்டில் குடியுங்கள். யாத்திரை முடிந்து நண்பர்கள் கூடும் விருந்துக்கு இந்த ஒரு முறை போகாமல் இருங்கள், அங்கே மதுவும் இருந்தால் கண்டிப்பாகப் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மலைக்குப் புறப்படும் முன்பே குருசாமியிடமும் கூட வருகிறவர்களிடமும் "இந்த முறை சிகரெட்டை நிரந்தரமாக விடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கழற்றும் நாளில் யோசித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது.

கேள்வி: ரமலான் நோன்பில் பகல் முழுவதும் தாங்குகிறது. நோன்பு திறந்த கையோடு அடுத்தடுத்து மூன்று நான்கு போய்விடுகிறது. (காயல்பட்டினம்)

பதில்: மேலே சொன்னதே உங்களுக்கும் பொருந்தும். பதினான்கு மணி நேரம் இல்லாமல் இருக்க முடிகிறவருக்கு, நோன்பு திறந்த பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான் சவால். கஞ்சி குடித்ததும் வெளியே நிற்காமல் பள்ளிவாசலுக்குள் போய்விடுங்கள், இரவில் நடக்கும் தராவீஹ் தொழுகை வரை நண்பர்களோடு கடைத்தெருவில் உட்காராதீர்கள். தேவைப்பட்டால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நிகோடின் சூயிங்கம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: விட்டு இன்று மூன்றாம் நாள். திடீர் திடீரென்று வெறி பிடித்ததுபோல் வருகிறது. அந்த நேரத்தில் என்னதான் செய்வது? (திருப்பூர்)

பதில்: அந்த உந்துதல் ஐந்து நிமிடம் போலத்தான் நிற்கும். நீங்கள் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது தானாகத் தணியும். என் வார்த்தையை நம்ப வேண்டாம், அடுத்த முறை வரும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே அதனோடு வாதாடினால்தான் அது நீளும், அதனால் முதலில் இடத்தை விட்டு எழுந்து போங்கள். ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு பத்து முறை மூச்சு விடுங்கள். வாய்க்குக் கிராம்பு, ஏலக்காய், நெல்லிக்காய்த் துண்டு எதுவானாலும் சரி. கைக்கு வேலை வேண்டுமானால் தோலோடு வறுத்த வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருங்கள். பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும், அதற்கும் ஆள் அடிமையாவதுண்டு.

இன்னொன்று. உந்துதல் வரும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நாள் முழுவதும் வாட்டுவதாகத் தோன்றியது நான்கைந்து குறிப்பிட்ட வேளைகளில்தான் வருகிறது என்பது தெரியும். அந்த வேளைகளை மாற்றி அமைத்தால் போதும்.

கேள்வி: சிகரெட்டை விட்டதிலிருந்து டீ குடித்தால் நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமும் இல்லை. விட்டதே தப்போ என்று தோன்றுகிறது. (சென்னை)

பதில்: தப்பே இல்லை. சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, காப்பி, டீயில் இருக்கும் கஃபீனை வேகவேகமாக வெளியேற்ற வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். நேற்றுவரை குடித்த அதே ஐந்து டீ இன்று கூடுதலாக வேலை செய்யும். படபடப்பைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துத் திரும்பப் பற்றவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காப்பி, டீயைப் பாதியாகக் குறையுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம். மனநோய்க்குக் குளோசபின், ஒலான்சபின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். அவர்கள் புகையை விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. காலையில் சிகரெட் இல்லாமல் மலம் கழிவதில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, எங்கள் அறையில் தினமும் கேட்கும் கேள்வி. நிகோடின் குடலை முடுக்குவது உண்மை. அது நின்றதும் சில வாரங்களுக்கு மலச்சிக்கல் வருவதுண்டு. எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் நடை, காலை உணவு, அதற்குப் பிறகு கழிப்பறை என்று வரிசையை மாற்றுங்கள். சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே அசையும். கீரை, கொய்யா, பப்பாளி சேருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிகோடின் சூயிங்கம் வாங்கி மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, ஆசையும் அடங்கவில்லை. அதிலும் நிகோடின்தானே இருக்கிறது, அது மட்டும் கெடுதல் இல்லையா? (கோயம்புத்தூர்)

பதில்: சாதாரண மிட்டாயைப் போல மென்றிருக்கிறீர்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும், பலன் இருக்காது. மிளகு கடித்ததுபோல் காரம் ஏறும்வரை மெதுவாக மெல்லுங்கள். காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்குங்கள். ஒன்றை அரை மணி நேரம் இப்படி வைத்திருக்கலாம். மெல்லுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்தே காப்பி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் எதுவும் கூடாது, வாய் புளித்திருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று தேவைப்படும். பலர் நாளைக்கு இரண்டு மட்டும் மென்றுவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை மருத்துவர் எழுதித் தருவார். புப்ரோபியான், வரெனிக்லின் என்ற மாத்திரைகளும் உண்டு, அவற்றையும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. கெடுதல் பற்றிக் கேட்டீர்கள். நிகோடின் ஆளை அடிமையாக்கும், ஆனால் நுரையீரலில் புற்றுநோயைக் கொண்டுவருவது புகையில் இருக்கும் மற்ற நஞ்சுகள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா?

பதில்: ஒரு நாளைக் குறித்து ஒரேயடியாக விடுவதே என் பரிந்துரை. 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 700 பேரை இரண்டு பிரிவாக்கி இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கு வாரத்தின் முடிவில் சட்டென்று விட்டவர்களில் 49 விழுக்காட்டினரும் குறைத்துக்கொண்டே வந்தவர்களில் 39 விழுக்காட்டினரும் புகைக்காமல் இருந்தார்கள். குறைத்துக்கொண்டே போனால், மிச்சமிருக்கும் ஒவ்வொரு சிகரெட்டும் மனத்தில் பெரிய விலை பெற்றுவிடுகிறது.

கேள்வி: நாளைக்கு ஒன்றே ஒன்றுதான் சார், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

பதில்: நாளைக்கு இருபது பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி அந்த ஒன்றிலேயே வந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

கேள்வி: அப்பா முப்பது ஆண்டுகளாகப் பீடி பிடிக்கிறார். இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்கிறார். கொஞ்ச நாளாக நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் சரியாகிறது. கால் விரல் ஒன்று கறுத்திருக்கிறது. (தென்காசி)

பதில்: தம்பி, பீடி பற்றிய பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அப்பாவை இன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடந்தால் வலி, நின்றால் நிவாரணம், விரல் கறுப்பு என்பவை காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதன் அடையாளங்கள். பீடி பிடிப்பவர்களிடம் பர்ஜர் நோய் என்று ஒன்று வரும். அதற்குப் புகையை முழுவதும் நிறுத்துவதுதான் முதன்மையான சிகிச்சை. நிறுத்தியவர்களுக்குக் காலைக் காப்பாற்ற முடிகிறது, தொடர்ந்தவர்களுக்கு விரலில் தொடங்கி மேலே மேலே வெட்ட நேர்கிறது. அவருக்கு வந்திருப்பது வேறு வகை அடைப்பாக இருந்தாலும் பீடியை விட்டே ஆக வேண்டும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பீடிக்கு வருகிறேன். சுற்றியிருக்கும் தெந்து இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. புகையிலை குறைவாக இருந்தும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

கேள்வி: அண்ணா, என் கணவர் விட்டு ஒரு வாரம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். குழந்தைக்கு வேறு இளைப்பு இருக்கிறது. நான் எப்படி உதவ முடியும்? (தஞ்சாவூர்)

பதில்: அந்தக் கோபம் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும், தங்கை. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், அடிக்கவோ அவமதிக்கவோ அது சாக்கும் ஆகாது. சட்டையை முகர்ந்து பார்ப்பது, சட்டைப்பையைச் சோதிப்பது வேண்டாம், அது மறைத்துப் புகைக்கத்தான் பழக்கும். சாப்பிட்டு முடித்த கையோடு இருவருமாகப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். அவருக்கு மிகவும் இழுக்கும் நேரம் அதுவாக இருக்கும். குழந்தைக்காக ஒரு விதியை மட்டும் உறுதியாக வையுங்கள்: விருந்தாளி உட்பட யாரும் வீட்டுக்குள் புகைக்கக் கூடாது. ஜன்னலைத் திறப்பதாலும் மின்விசிறி போடுவதாலும் இளைப்புள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்காது.

கேள்வி: நான் பெண், வயது 36. வேலை அழுத்தத்தில் நாளைக்கு ஐந்தாறு புகைக்கிறேன். மருத்துவரிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று போகவே இல்லை. (சென்னை)

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆணிடம் "விட்டுவிடுங்கள்" என்று முடித்துக்கொள்பவர்கள் பெண்ணிடம் ஒழுக்கம் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது கோபத்தையே தருகிறது. ஆனாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் புகைப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 35 வயதுக்கு மேல் புகையும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் சேர்ந்தால் இரத்தம் உறைதல், பக்கவாதம், மாரடைப்பு ஆபத்து கூடும். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் தொடங்குங்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் எண்தான், கட்டணம் இல்லை. ஆலோசகர் உங்களோடு சேர்ந்து விடும் நாளைக் குறிப்பார், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

கேள்வி: மின்சிகரெட்டுக்கு மாறினால் என்ன?

பதில்: இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்குத் தடை. திருட்டுத்தனமாக வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிகோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையும் கையருகில் இருக்க, இது வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதம் விட்டிருந்தேன். ஒரு துக்க வீட்டில், பந்தலில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டும் வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டேன். எல்லாம் போயிற்றா? (விருதுநகர்)

பதில்: இரண்டு மாதம் எங்கும் போகவில்லை. "ஒன்று பிடித்தாயிற்று, இனி என்ன" என்று அன்று மாலை ஒரு பெட்டி வாங்குவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. வாங்கியிருந்தால் மிச்சத்தைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல நாள், திங்கட்கிழமை என்று காத்திருக்காதீர்கள், இப்போதே நிறுத்துங்கள். துக்க வீடும் கல்யாண வீடும் இனியும் வரும். அடுத்த முறை பந்தலில் உட்காராமல் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுப்பது, நாற்காலி போடுவது என்று கை நிறைய வேலை அங்கே இருக்கும்.

கேள்வி: தம்பி, எனக்கு 62 வயது. நாற்பது ஆண்டுப் பழக்கம். இனிமேல் விட்டு என்ன ஆகப் போகிறது? (ஓய்வுபெற்ற நடத்துநர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951-இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு. ஆயுளை விடுங்கள், விட்ட மூன்று மாதத்துக்குள் இரத்த ஓட்டம் சீராகும், சில மாதங்களில் இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும். முதல் ஒன்றிரண்டு வாரம் சளி அதிகமாக வரலாம், நெஞ்சு தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது, பயப்படாதீர்கள். சளியில் இரத்தம் தெரிந்தால் மட்டும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நாளை காலை முதல் விடுகிறேன். இன்று இரவு என்ன செய்ய வேண்டும்? (சேலம்)

பதில்: வீடு, வண்டி, அலுவலக மேசை என்று எல்லா இடத்திலும் தேடி சிகரெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் அத்தனையையும் அப்புறப்படுத்துங்கள். "கடைசியாக ஒன்று" என்று ஒளித்து வைக்காதீர்கள். வழக்கமாக வாங்கும் பெட்டிக்கடைக்காரரிடம் "இனிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்" என்று இன்றே சொல்லிவிடுங்கள், கடன் கணக்கு இருந்தால் தீர்த்துவிடுங்கள். சூயிங்கம் வாங்கி வையுங்கள். காலையில் எழுந்ததும் பல் துலக்கிக் குளித்துவிட்டு, டீயை அதற்குப் பிறகு, உட்கார்ந்து பழகாத ஓர் இடத்தில் குடியுங்கள். பத்து மணிக்கு ஒரு முறை எழுதுங்கள், பதில் சொல்ல இருப்பேன்.