மொட்டைமாடியிலிருந்து நெபுலாவைப் படமெடுக்க எந்தத் தொலைநோக்கியை வாங்குவது?

கேள்வி: சென்னை குரோம்பேட்டையில் வசிக்கிறேன். தெருவெங்கும் எல்.இ.டி. விளக்குகள் எரிவதால் வானத்தில் விண்மீன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும், எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே ஓரியன் நெபுலாவைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதற்கென 70,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் ஒருவர், 130 மி.மீ. விட்டமுள்ள, ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கியைப் பரிந்துரைக்கிறார். 650 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. என்னிடம் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றும் உண்டு. இதை வாங்கலாமா?

பதில்: நிலவையும் வியாழனையும் கண்ணால் பார்ப்பதற்கு என்றால் வாங்கலாம், நெபுலாவை, அதாவது விண்வெளியில் விரிந்து கிடக்கும் வளிம, தூசு முகிலைப் படமெடுப்பதற்கு என்றால் வேண்டாம். பெட்டியில் உள்ள 650 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு தொலைநோக்கி பயனுள்ள வகையில் தரக்கூடிய உருப்பெருக்கம், அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால் வரும் எண்ணைப் போல் ஏறத்தாழ இரு மடங்குதான், 130 மி.மீ. கருவிக்கு அது 260. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், ஆனால் மங்கிக் குழம்பிவிடும். அதைவிட முக்கியமானது, நீங்கள் விரும்பும் நெபுலாவுக்கு உருப்பெருக்கமே தேவையில்லை என்பது. ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தாலும், அது வானில் முழுநிலவைப் போல் இரு மடங்கு அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. நகரத்தில் அது நம் கண்ணுக்குப் புலப்படாததற்குக் காரணம் அதன் சிறுமை அன்று, மங்கல்தான்.

மங்கலானதைப் படமெடுக்க ஒரே வழி, நீண்ட நேரம் ஒளியைச் சேகரிப்பது. அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று இதே நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது, 11 அங்குலத் தொலைநோக்கியை 51 நிமிடங்கள் அதன் மீதே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வை ஒட்டித் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும் தாங்கியான மவுண்ட்தான் படத்தின் உயிர். கடைக்காரர் காட்டும் விலையில் வரும் கருவிகளில் பெரும்பாலும் குழாய்க்கே பணம் போய்விடுகிறது. கீழே இருப்பது காற்றடித்தால் ஆடும் முக்காலி. மொட்டைமாடியில் யாரேனும் நடந்தாலே விண்மீன்கள் கோடாகிவிடும். மேலும், கண்ணால் பார்ப்பதற்கென்றே வடிவமைத்த சிறிய நியூட்டோனியன்கள் சிலவற்றில், டி.எஸ்.எல்.ஆர். கேமராவைப் பொருத்தினால் குவியம் கேமராவின் உணரியை எட்டாமல் குழாய்க்குள்ளேயே விழுந்துவிடும். எவ்வளவு திருகினாலும் படம் தெளியாது. கேமராவைக் கடைக்கே எடுத்துச் சென்று, தொலைவில் உள்ள ஒரு கோபுர விளக்கு தெளிவாக விழுகிறதா என்று பார்க்காமல் அத்தகைய கருவிக்குப் பணம் கட்டாதீர்கள்.

பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ஈக்குவடோரியல் மவுண்ட்தான் முறையான தீர்வு என்று நூல்கள் சொல்லும். அவற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் வட நாடுகளில் வாழ்பவர்கள். அப்படிச் சாய்க்கக் குறியாகக் கொள்ளும் துருவ விண்மீன் சென்னையில் வெறும் 13 பாகை உயரத்தில், புழுதிக்கும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் மறைந்திருக்கும். சில மவுண்டுகள் அவ்வளவு தாழ்வாகச் சாய்வதே இல்லை. சாய்பவற்றிலும் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் முட்டுவதுண்டு. இந்த வகையை வாங்குவதானால், 13 பாகை அட்சரேகைக்கு அது பணியுமா என்பதைக் கடைக்காரர் உங்கள் கண்முன் செய்துகாட்ட வேண்டும்.

உங்கள் தொகைக்கும் இடத்துக்கும் நான் பரிந்துரைப்பது, ‘ஸ்மார்ட் தொலைநோக்கி’ என்று விற்கப்படும் வகை. இசட்.டபிள்யூ.ஓ. நிறுவனத்தின் சீஸ்டார் எஸ்50 அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. 2023-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 500 டாலர் விலையில் வந்தது. விட்டம் 50 மி.மீ., குவியத்தூரம் 250 மி.மீ. மட்டுமே. கேமரா, மோட்டார், நகர ஒளியைத் தடுக்கும் வடிப்பான் ஆகிய அனைத்தும் உள்ளேயே இருக்கின்றன. கைப்பேசியில் பெயரைத் தொட்டால் தானே நெபுலாவைக் கண்டுபிடித்து, 10 வினாடிப் படங்களாக எடுத்து, ஒன்றன் மீது ஒன்றாக அடுக்கிக் காட்டும். 130 மி.மீ. கருவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 50 மி.மீ. கருவியைப் பரிந்துரைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அசையும் பெரிய ஆடியைவிட, அசையாமல் பின்தொடரும் சிறிய லென்ஸ் இந்த வேலைக்கு மேலானது. குறைகளையும் சொல்லிவிட வேண்டும்: இதில் கண்ணை வைத்துப் பார்க்க இயலாது, படம் இரண்டு மெகாபிக்சல் அளவே என்பதால் சுவரளவுக்கு அச்சிட உதவாது, கைப்பேசிச் செயலி இல்லையேல் கருவி இயங்காது.

இந்தக் கருவியை முக்காலியில் நேராக வைத்துப் பயன்படுத்தும்போது படம் மெல்லச் சுழலும். உங்கள் அட்சரேகைக்குக் கணக்கிட்டால், ஓரியன் நெபுலா 45 பாகை உயரத்தில் இருக்கும்போது அந்தச் சுழற்சி மணிக்கு ஏறத்தாழ 8 பாகை. உச்சிக்கு அருகே 72 பாகையில் நிற்கும்போது மணிக்கு 46 பாகை. ஆகவே நெபுலா உச்சிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், ஜனவரி நடுவில் மாலை 7 மணிக்கே கிழக்கு வானில் தொடங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை முதல் மாசி வரை நல்ல காலம். போகிப் புகையன்று மட்டும் கருவியை வெளியே எடுக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் எடுப்பது என்றால், எடுக்கும் நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் படத்தின் தூய்மை இரு மடங்காகும். வானம் ஒரு பொலிவெண் (விண்பொருள்களின் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குக் கூடுதல் வெளிச்சமாக இருந்தால், அதே படத்துக்கு இரண்டரை மடங்கு நேரம் தேவை. மூன்று பொலிவெண் என்றால் 16 மடங்கு. வைணு பாப்பு வானாய்வகத்தை நகர ஒளியிலிருந்து விலகி ஜவ்வாது மலையில் காவலூரில் அமைத்ததன் பொருள் உங்களுக்கு அப்போது புரியும். நெபுலாக்களுக்குள் ஓரியன் நெபுலா பிரகாசமானது என்பதால் அரை மணி நேரத்திலேயே குரோம்பேட்டையிலிருந்தும் இறக்கை விரித்த வடிவம் தெரிந்துவிடும். மங்கலான வேறு நெபுலாக்களுக்குப் பல இரவுகள் செலவிட வேண்டும்.

பழைய டி.எஸ்.எல்.ஆரை விற்றுவிட வேண்டாம். நெபுலாவிலிருந்து வரும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே அது உள்ளே விடும் என்றாலும், 135 மி.மீ. லென்ஸும் வானத்தின் நகர்வைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் சிறிய ஸ்டார் டிராக்கரும் சேர்ந்தால் அதுவும் ஒரு வழிதான். ஒவ்வொரு படியையும் தாமே கற்றுச் செய்வதில் இன்பம் காண்பவர் என்றால் அந்த வழியையே நான் விரும்புவேன். அடுக்குவதற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். ‘நகர ஒளியை நீக்கும்’ இரட்டைப் பட்டை வடிப்பான் ஒன்றை இணையவழியில் வாங்கினேன். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சுற்றியுள்ள நெபுலாவை எடுத்தால், வடிப்பான் இல்லாமல் எடுத்ததைவிட மோசமாக இருக்கிறது. பொருளில் குறை இல்லை என்று விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: வடிப்பான் பெரும்பாலும் பழுதற்றதாகவே இருக்கும், நீங்கள் தேர்ந்த இலக்குதான் அதற்குப் பொருந்தாதது. ஓரியன் போன்ற நெபுலாக்கள் தாமே ஒளிர்பவை. அவற்றின் ஒளி ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர், ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் போன்ற சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் குவிந்திருக்கும். இரட்டைப் பட்டை வடிப்பான் அந்த இரண்டு சன்னல்களை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை அடைத்துவிடுகிறது. பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டி இருந்ததால் அதை அடைப்பது எளிதாக இருந்தது, எல்.இ.டி. வெளிச்சம் எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அது முழுமையாக நீங்காது, பெருமளவு குறையும். கார்த்திகையைச் சூழ்ந்திருப்பதோ, அருகிலுள்ள விண்மீன்களின் நீல ஒளியைச் சிதறடிக்கும் வெறும் தூசு. அந்த ஒளி விண்மீன் ஒளியைப் போலவே எல்லா நிறங்களிலும் பரவியது. வடிப்பான் தெருவிளக்கோடு அதையும் சேர்த்தே தடுத்துவிடும். ஆந்திரமேடா போன்ற விண்மீன் மண்டலங்களுக்கும் இதே கதிதான்.

ஆயினும் விற்பவரின் விளம்பரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘எல்லா நெபுலாக்களுக்கும், விண்மீன் மண்டலங்களுக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தால், பொருள் பழுதற்றது என்ற பதில் போதாது. தவறான விளம்பரத்தை நம்பி வாங்கினேன் என்று நீங்கள் முறையிடலாம். அந்தப் பக்கத்தின் படத்தை இப்போதே சேமித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அவ்வாறு எழுதவில்லை என்றால், வடிப்பானை வைத்துக்கொண்டு கோடையில் தனுசில் எழும் லகூன் நெபுலாவுக்குத் திருப்புங்கள். அது செலுத்திய பணத்துக்கு ஈடு செய்யும்.

கேள்வி: சிங்கப்பூரில் உள்ள என் தம்பி விடுமுறைக்கு வரும்போது ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கே வாங்குவதைவிட மலிவு என்கிறார். நல்ல யோசனைதானா?

பதில்: விலைச்சீட்டில் உள்ள வேறுபாடு முழுவதும் மிச்சமாகிவிடாது. பயணிகளுக்கான சுங்கச் சலுகை வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். தம்பி புறப்படும் முன் அப்போதைய வரம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், ரசீதையும் கையில் வைத்திருக்கட்டும். மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்ட கருவி என்பதால், கைப்பையில் எடுத்து வருவதே முறை. உத்தரவாதம்தான் உண்மையான சிக்கல்: இத்தகைய கருவியில் மோட்டார் நின்றுபோனால் உள்ளூர்க் கடையில் பழுதுபார்ப்பவர் யாரும் இல்லை, விற்றவரிடமே அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவும் உங்களுடையது. இந்தியாவில் வாங்கினால், பெட்டியின் மீது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத பொருளும் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் உத்தரவாதத்தைப் பொறுத்தவரை ஒன்றே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்; பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு சிங்கப்பூர்க் கடை என்றால், அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். விலை வேறுபாடு ஐந்தாறாயிரம் ரூபாய்க்குள் என்றால், இங்கேயே ரசீதுடன் வாங்கச் சொல்வேன்.