படுக்கையில் இருக்கும் அண்ணன் தினமும் குடிக்கிறார், வாங்கித் தருவதும் நாங்கள்தான். நிறுத்திவிடலாமா?

விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாத அண்ணன், தினமும் ஒரு குவார்ட்டர், கடைக்குப் போய் வாங்கி வருவது நீங்கள். இனி வாங்கித் தராமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாளைக்கே நிறுத்தாதீர்கள். தினமும் குடிக்கிறவருக்குச் சட்டென்று சரக்கு நின்றால் அன்றைக்கே கை நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த ஓரிரு நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். நடமாடுகிறவர் எப்படியாவது டாஸ்மாக் போய்ச் சேர்ந்துவிடுவார். உங்கள் அண்ணனால் முடியாது. நீங்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் அன்றே, பக்கத்தில் டாக்டர் இல்லாமல் அவருக்குக் குடிநிறுத்தம் தொடங்கிவிடுகிறது. எனவே நிறுத்துவதோ குறைப்பதோ, மருத்துவரைப் பார்த்த பிறகுதான்.

தென்காசிப் பக்கம் தண்டுவட பாதிப்புள்ளவர்களின் வீடுகளுக்குப் போய் மறுவாழ்வு வேலை செய்கிறேன். ஒரு வீட்டில் அம்மாதான் காய்கறிப் பையில் கீரைக்கட்டுக்கு அடியில் பாட்டிலை வைத்துக் கொண்டுவருவார். "பாவம் தம்பி, அவனுக்கு வேற என்ன சந்தோசம் இருக்கு?" என்பார். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. அந்தப் பையனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குடிப்பதைத் தவிர இனி ஒன்றுமில்லை என்று வீடே முடிவுகட்டி வைத்திருந்தது.

அவனிடம் உட்கார்ந்து கேட்டபோது வேறு கதை வந்தது. "சாயங்காலம் ஆச்சுன்னா கால் ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்கும்ணே. ஒரு கட்டிங் போட்டாத்தான் அடங்கும், தூங்குவேன்." தசை இறுக்கத்துக்குப் பிராந்தியை மருந்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருத்துவர் அதற்கான மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார், இரவு வலிக்குத் தனியாக மருந்து கொடுத்தார். அதன் பிறகுதான் குடியைப் பற்றி அவனோடு பேசவே முடிந்தது. உங்கள் அண்ணனிடமும் "ஏன் குடிக்கிறே?" என்று அதட்டாமல், எந்த நேரத்தில் வேண்டும்போல் இருக்கிறது, அப்போது உடம்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

"ஒரு குவார்ட்டர்தானே" என்றும் விடாதீர்கள். 180 மி.லி.யில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரே நேரத்தில் அவ்வளவு உள்ளே போவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்று கணக்கிடுகிறது. அவர் தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் போன்ற மாத்திரைகள் சாப்பிட்டால், அதோடு சரக்கும் சேரும்போது மயக்கம் ஆழமாகி மூச்சு மந்தமாகலாம். பயந்துபோய் பேக்லோஃபெனை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, அதைச் சட்டென்று விட்டாலும் வலிப்பு வரலாம். குடித்தால் சிறுநீர் அதிகம் சுரக்கும், போதையில் சிறுநீர் எடுக்கும் ட்யூபைப் போட மறந்துவிடுவார், மூத்திரப்பை நிரம்பி வழியும். நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் எகிறித் தலை பிளக்கும். அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, ட்யூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், சிறுநீரை வெளியேற்றுங்கள். அடங்கவில்லையென்றால் 108. போதையில் இரவு முழுக்க ஒரே பக்கம் படுத்துக் கிடந்து வரும் படுக்கைப் புண் ஆற மாதக்கணக்காகும்.

யாராவது "சாப்பாட்டில் கலந்து கொடுங்க, தானா விட்டுடுவார்" என்று மாத்திரையோ பொடியோ தந்தால் வாங்காதீர்கள். அது குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்தாக இருக்கலாம். அதன் மேல் குடித்தால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. சோறு ஊட்டுகிற கையை அவர் சந்தேகப்பட ஆரம்பித்தால், அப்புறம் எந்த மருந்தையும் அவருக்குக் கொடுக்க முடியாது.

குடியை நிறுத்தும் சிகிச்சைக்குச் சேர்ப்பதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் பாருங்கள். சிறுநீரகம், புண் எல்லாவற்றுக்கும் அங்கேயே ஆள் இருப்பார்கள். தனியார் மறுவாழ்வு மையமென்றால் நேரில் போய்ப் பாருங்கள். கழிப்பறைக்குள் வீல்சேர் நுழையுமா, ட்யூப் மாற்றத் தெரிந்த ஆள் உண்டா, இரவில் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் யார் புரட்டிப் படுக்க வைப்பது என்று கேளுங்கள். "இந்த மாதிரி கேஸ் எடுக்கிறதில்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தனியார் மருத்துவமனை உட்பட எல்லா இடத்திலும் தடையற்ற வசதி வேண்டும் என்கிறது. அதைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். கட்டிப்போடுகிற, அடிக்கிற இடம் என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று பணம். மாதாமாதம் அரசு உதவித்தொகை வருகிறதென்றால் அது அவருடையது. ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். மாத்திரை, டயப்பர், செல் ரீசார்ஜ் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுக்கு வெளியே, நாலு பேர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். திண்ணை வரைக்கும் என்றாலும் சரி.

போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. பேசும்போது மருந்துச் சீட்டு பக்கத்தில் இருக்கட்டும். முதலில் நீங்கள் பேசிவிட்டு, அவர் சம்மதித்தால் போனை அண்ணனிடமே கொடுங்கள்.