ஓஆர்எஸ் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறான், என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. நேற்று ராத்திரியிலிருந்து வாந்தி, காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது. ஓஆர்எஸ் கொடுத்த அடுத்த நிமிஷமே கக்கிவிடுகிறான். பாலை நிறுத்தச் சொல்கிறார் மாமியார், தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். வீட்டிலேயே பார்க்கலாமா?

பதில்: அவன் விளையாடுகிறான், அழுதால் கண்ணீர் வருகிறது, சிறுநீர் போகிறான் என்றால் இப்போதைக்கு வீட்டிலேயே பார்க்கலாம். இந்த வயதில் இது பெரும்பாலும் வைரஸ் வேலைதான், தானாகவே அடங்கும். வாந்தி ஓரிரு நாளில் நிற்கும், பேதி ஒரு வாரம் வரைகூட இழுக்கலாம். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

நீங்கள் டம்ளரில் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாகத்தில் இருக்கும் பிள்ளை மடமடவென்று குடிப்பான், புண்பட்ட வயிறு மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடும். டம்ளரைக் கண்ணில் காட்டாதீர்கள். 5 மில்லி ஸ்பூன், அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச், கடிகாரத்தைப் பார்த்து 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். நடுவில் கக்கினால் 10 நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி, இன்னும் மெதுவாக. வாந்தி அடங்கிய பிறகு, ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி.

கலப்பதில்தான் நிறைய வீடுகளில் கோளாறு. பெரிய பாக்கெட் என்றால் முழுசாக 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கொட்டுங்கள், சின்னதென்றால் 200 மில்லி, பின்பக்கம் போட்டிருக்கும். பாதிப் பொடியை அரை டம்ளரில் போடுவது, குடிக்க மாட்டேன் என்கிறானே என்று கூடச் சர்க்கரை சேர்ப்பது, இரண்டும் கெடுதல். உப்பு மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் ஏறும், சர்க்கரை மிஞ்சினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். குளுக்கோஸ் தண்ணீர், குளிர்பானம், டப்பா ஜூஸ் வேண்டாம் என்பதும் இதனால்தான். அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டது. உலக சுகாதார நிறுவனக் கலவை என்று பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பட்டினியும் போடாதீர்கள், வாந்தி குறைந்ததும் குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. இளநீரில் சோடியம் குறைவு, அதனால் ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாக அதையே நம்பாதீர்கள்.

தொக்கம் வேண்டவே வேண்டாம். உள்ளே சோறு எதுவும் சிக்கியிருக்கவில்லை, வாந்தி எடுக்கும் குழந்தையின் வயிற்றை அமுக்குவதும் தொண்டையில் விரல் விடுவதும் ஆபத்து. பெரியவர்கள் போடும், பேதியை நிறுத்தும் மாத்திரை, போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக், அதுவும் கூடாது. ஜிங்க் (துத்தநாகச் சத்து மருந்து) மட்டும் மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்குங்கள், இந்த வயதுக்கு தினம் 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் சேர்த்து 14 நாள்.

அப்புறம் கை. டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இந்த வைரஸ்களிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது.

டயப்பரில் பேதியோடு சிறுநீரும் கலந்துவிடும் என்பதால் அது போகிறதா என்றே தெரியாது, பகலில் பருத்தித் துணி கட்டிவிடுங்கள். 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாமல் நிற்கிறது, எழுப்பினாலும் துவண்டு விழுகிறான், ஸ்பூனில் கொடுத்தும் எதுவுமே தங்கவில்லை, பேதியில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு உப்பல், விடாத காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. விழித்திருந்து விழுங்குகிறான் என்றால் போகிற வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள், மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.