காபித் தோட்டத்துச் செயலியும் கொலுசுப் பட்டறைப் படிவமும்: பயனர் அனுபவ வடிவமைப்பு குறித்த கேள்வி பதில்

கேள்வி (ஏற்காடு, காபித் தோட்ட அலுவலகம்): பறித்த காபிப் பழத்தை எடை போட்டு ஆள்வாரியாகப் பதிவதற்கு ஒரு கைபேசிச் செயலி செய்து வாங்கினோம். அலுவலகத்தில் காட்டியபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. தோட்டத்தில் மேஸ்திரி அதைத் தொடுவதே இல்லை. பழையபடி நோட்டில்தான் எழுதுகிறார். அவருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

பதில்: பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடை போடும் இடத்தில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் எதுவும் பேசாமல் நின்று பாருங்கள். மேஸ்திரியின் ஒரு கை சாக்கில் இருக்கும். மறு கையின் விரல்களில் பழச்சாறு பிசுபிசுக்கும். பனி இறங்கித் திரை நனைந்திருக்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நிலையில் நோட்டு ஏன் வெல்கிறது என்பது தானே விளங்கும். பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கின்றன, யாருடைய எடை விட்டுப்போயிற்று என்பது ஒரே பார்வையில் தெரிகிறது, தவறினால் அடித்து எழுதலாம், சிக்னல் தேவையில்லை. இந்த நான்கையும் தராத செயலியை அவர் ஒதுக்குவது பிடிவாதம் ஆகாது.

இனி அளவுகளுக்கு வருவோம். ஓர் இலக்கு சிறியதாகவும் தொலைவாகவும் இருக்க இருக்க அதைத் தொட அதிக நேரமாகும் என்பதை 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சூத்திரமாகவே தந்தார். தொடுதிரையில் ஒரு பொத்தான் குறைந்தது 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அது உலர்ந்த கைக்கான கணக்கு, உங்கள் மேஸ்திரிக்கு இன்னும் பெரிதாக வையுங்கள். 23.5 என்பதற்குப் பதிலாக 235 என்று அழுத்திவிட்டால் செயலி அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். சம்பள நாளில் கண்டுபிடித்துப் பயனில்லை. பதிவு முதலில் கைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரட்டும். அதுவரை ‘கைபேசியில் பதிந்துள்ளது, அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை’ என்று தெளிவாகச் சொல்லட்டும்.

இன்னொருவரையும் மறந்துவிடாதீர்கள். எதிரே நிற்கும் பழம் பறித்த அம்மா கைபேசியைத் தொடப்போவதில்லை. ஆனால் அவருடைய கூலி அந்த எண்ணில் இருக்கிறது. அவர் நிற்கும் இடத்திலிருந்தே படிக்கும் அளவுக்கு எடை பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்.

கேள்வி (சேலம், பொறியியல் மாணவி): ஃபிக்மா கற்றுக்கொண்டால் பயனர் அனுபவ வடிவமைப்புத் துறையில் வேலைக்குச் செல்ல முடியுமா?

பதில்: அது மட்டும் போதாது. ஃபிக்மா என்பது செயலித் திரைகளை வரைவதற்கான மென்பொருள் கருவி, இரண்டு மாதத்தில் கைவந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிளில் பணியாற்றிய டான் நார்மன் ‘பயனர் அனுபவம்’ என்ற சொல்லைப் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், திரைக்கு வெளியே நடப்பதையும் அது உள்ளடக்க வேண்டும் என்பதுதான். மேலே உள்ள காபித் தோட்டத்துப் பதிலில் ஃபிக்மா எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை): எங்கள் ஆர்டர் படிவத்தில் வாடிக்கையாளர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தில் வெறும் புள்ளி வைக்கிறார்கள். தமிழில் எழுதினால் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது.

பதில்: புள்ளி வைப்பவர்கள் தவறு செய்யவில்லை. அப்பாவின் பெயரிலிருந்து ஓர் இனிஷியல், பிறகு தம் பெயர், அவ்வளவுதான் நம்மில் பெரும்பாலோரின் பெயர். இல்லாத குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினால் எதையாவது வைத்துத்தான் நிரப்புவார்கள். ‘பெயர்’ என்று ஒரே கட்டம் போதும்.

வெட்டுப்படுவதற்குக் காரணம் எண்ணும் முறை. ‘ஏற்காடு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் தனித்தனிக் குறிகளாக நிற்பதால் அது ஏழு. இருபது எழுத்து போதும் என்று ஆங்கிலப் பெயரை வைத்து வரம்பு போட்டவர் தமிழ்ப் பெயரைப் பாதியாக்கிவிட்டார். குறுஞ்செய்தியிலும் இதே கதை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிகள். ஆகவே ‘கொலுசு தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சுருங்கச் சொல்வது செலவையும் குறைக்கும். பொத்தானில் உள்ள ‘சமர்ப்பிக்கவும்’ என்பதையும் எடுத்துவிட்டு ‘ஆர்டர் அனுப்பு’ என்று வையுங்கள். கடையில் யாரும் எதையும் சமர்ப்பிப்பதில்லை.

கேள்வி (சேலம், மென்பொருள் நிறுவன ஊழியர்): திரையில் காட்டும் தேர்வுப் பட்டியலில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார் எங்கள் மேலாளர். சரியா?

பதில்: 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையில் வரும் ஏழு, மனத்தில் தாங்கிக்கொள்ளும் அளவைப் பற்றியது. பட்டியல் கண்ணெதிரே இருக்கிறது. யாரும் அதை மனப்பாடம் செய்வதில்லை.

கேள்வி (சேலம், ஜவ்வரிசி வணிக மென்பொருள் குழு): மென்பொருளை ஐந்து பயனர்களை வைத்துச் சோதித்தாலே போதும் என்பது உண்மையா?

பதில்: நிபந்தனையுடன் உண்மை. ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனரைக் கவனித்தால் சிக்கல்களில் சராசரியாக 31 விழுக்காடு வெளிப்படும். ஐந்து பேரில் அது ஏறத்தாழ 85 விழுக்காட்டை எட்டும். ஆனால் அந்த ஐவரும் ஒரே வகையினராக இருக்க வேண்டும். குச்சிக்கிழங்கு கொண்டுவரும் விவசாயி, ஆலையின் கணக்காளர், மூட்டைக் கணக்கில் வாங்கும் வணிகர் ஆகிய மூவரும் மூன்று வகையினர். மேலும், பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மீண்டும் ஐந்து பேர் என்று போவதே பலன் தரும்.

நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், காபி கொடுத்து உட்கார வைத்த மரியாதைக்காகவே ‘நல்லா இருக்குதுங்க’ என்பார்கள். ஆகவே கருத்துக் கேட்காதீர்கள். ‘நேற்றைய பில்லை எடுத்துக் காட்டுங்கள்’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். உதவ வேண்டும் என்று கை துறுதுறுக்கும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஏற்காடு, தங்கும் விடுதி): முன்பதிவின்போது வட்டம் சுழன்றுகொண்டே இருப்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பதில்: பத்தில் ஒரு நொடிக்குள் விடை வந்தால் உடனடியாகத் தோன்றும்; ஒரு நொடி வரை எண்ண ஓட்டம் அறுவதில்லை; பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். சுழலும் வட்டம் எவ்வளவு முடிந்தது என்பதைச் சொல்வதில்லை. உங்கள் மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: கொண்டை ஊசி வளைவுகள் இருபது என்று தெரிந்தவர் எண்ணிக்கொண்டே வருவார், தெரியாதவர் ஒவ்வொரு வளைவிலும் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்பார். ‘அறை இருக்கிறது’, ‘பணம் வந்தது’, ‘உறுதிச் செய்தி அனுப்பப்படுகிறது’ என்று கட்டம் கட்டமாகக் காட்டுங்கள். பணம் எடுக்கப்பட்ட பின் இணைப்பு அறுந்தால், மீண்டும் திறக்கும்போது அதே கட்டத்திலிருந்து தொடர வேண்டும். பணம் இரண்டு முறை போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் வெளியேறுகிறார்கள்.